பொட்டலில் ஒரு வாளித் தண்ணீர்

அந்தரம் என்ற விண்வெளி விளையாட்டுக்குள் ஒன்றரைக் கோடிக் கோள்கள் உண்டு. அவற்றில் எதையெல்லாம் போய்ப் பார்க்கலாம் என்று மக்களுக்குப் பரிந்துரை செய்யும் அலுவலகம் தென்காசி பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது. காலை பத்து மணிக்குத் திறப்பார்கள். அலுவலர் ஆறுமுகநயினார், இளநிலை உதவியாளர் முப்பிடாதி, ஒரு மண்பானை, ஆக மூன்று பேர்.

இந்த அலுவலகம் சென்னையில் இல்லாமல் தென்காசியில் இருப்பதற்குக் காரணம் பக்கத்தில் குற்றாலம் இருப்பதுதான். சீசன் என்றால் என்னவென்று தெரிந்த ஊர்க்காரர்கள்தான் சுற்றுலாவைப் பற்றிப் பேச முடியும் என்று மேலிடத்தில் யாரோ முடிவு செய்திருந்தார்கள். பரிந்துரைப் படிவத்தைத் தயாரித்தவரும் குற்றாலத்துக்காரர். அதனால் முதல் மூன்று கேள்விகள் கோளின் எண், நிறம், போகும் வழி என்று இருக்க, நாலாவது கேள்வி 'குளிக்கத் தண்ணீர் உண்டா' என்று இருக்கும். அதற்கு எதிரே 'இல்லை' என்று எழுதினால் படிவம் திரும்பி வந்துவிடும். எத்தனை சூரியன் உதித்தால்தான் என்ன, குளிக்க முடியாத ஊருக்கு மனிதன் எதற்குப் போக வேண்டும்? தென்காசியில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நயினாரும் அதில் ஒருநாளும் குறை கண்டதில்லை.

போய்வருவது பெரிய காரியமில்லை. மேசையில் இருக்கும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கருவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கோளின் எண்ணை அழுத்தினால் போய்விடலாம். செருப்பை மட்டும் கழற்றி வைக்கக் கூடாது. சில கோள்களில் தரை சுடும், சிலவற்றில் நெருஞ்சி கிடக்கும். சாயங்காலம் நயினார் வீட்டுக்கு வரும்போது அவர் மனைவி கோமு வாசலிலேயே நிறுத்தி, "இது எந்த ஊரு மண்ணுங்க, நீலமா இருக்கு?" என்று கேட்டு, காலைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவாள். நீல மண் அவரைக்கொடிக்கு நல்லதென்று ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் சேர்த்தும் வைத்திருந்தாள்.

விளையாட்டை நடத்தும் நிறுவனத்துக்கும் இந்த அலுவலகத்துக்கும் இடையே ஒரே ஒரு விதிதான். படிவத்தில் இருப்பது கோளில் இருக்க வேண்டும், படிவத்தில் இல்லாதது கோளில் இருக்கக் கூடாது. நிறுவனத்தார் இதில் ரொம்பக் கறார். ஒருமுறை முப்பிடாதி, கடைசிப் பேருந்து ஆறு நாற்பதுக்கு, ஆறு பத்துக்காவது கிளம்ப வேண்டும் என்ற நினைப்பில், சூரியன் மறையும் நேரம் 'ஆறு பத்து' என்று எழுதிவிட்டாள். அதைப் பார்த்து அடுத்தடுத்த படிவங்களிலும் அதே நேரத்தை எழுதினாள். இன்றைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு கோள்களில் சரியாக ஆறு பத்துக்குச் சூரியன் மறைகிறது. அந்தக் கோள்களில் சிலவற்றுக்கு அதற்கு முன்னால் சூரியனே கிடையாது.

பதினோரு வருஷத்தில் நயினார் நாலாயிரத்து முந்நூறு கோள்களைப் பார்த்து எழுதியிருந்தார். அத்தனை அழகும் அவருடைய இரண்டு கண் வழியாகத்தான் உள்ளே போனது. ஊதா மலைகள், கண்ணாடிக் காடுகள், கீழேயிருந்து மேலே விழும் அருவிகள், மூன்று வளையம் போட்ட வானம். முதல் ஐந்நூறு வரை ரசித்தார். ஆயிரத்துக்கு மேல் பொறுத்துக்கொண்டார். மூவாயிரத்தைத் தாண்டியபோது, அழகான எதையாவது பார்த்தாலே கொட்டாவி வர ஆரம்பித்தது. சாதாரணக் கொட்டாவி இல்லை, தாடை கழன்று கையில் வந்துவிடுமோ என்று பயப்படவைக்கும் கொட்டாவி. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொன்னவன் கையிலும் யாரோ இப்படி ஒரு உத்தியோகத்தைக் கொடுத்திருப்பார்கள்.

அவருடைய ஒரே மகள் உலகம்மாள். அவளுக்குப் போன வருஷம் கல்யாணம். அரக்குப் பட்டுடுத்தி, தலை நிறையப் பூவோடு அவள் மணவறைக்கு நடந்து வந்தபோது, அப்பா எழுந்து நின்று பார்த்தார். பார்த்து, ஊர் பார்க்க ஒரு கொட்டாவி விட்டார். அது கல்யாண வீடியோவில் பதினேழாவது நிமிஷத்தில் இருக்கிறது. சம்பந்தி வீட்டார் அசதி என்று எடுத்துக்கொண்டார்கள். உலகம்மாளும் ஒன்றும் சொல்லவில்லை. நயினாருக்குத்தான் அன்றிலிருந்து நெஞ்சில் ஒரு முள் நின்றுபோயிற்று. பெற்ற பிள்ளையைப் பார்த்துக் கொட்டாவி விட்டவன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

உலகம்மாள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்ததும் அவர் இலஞ்சி வைத்தியரிடம் போனார். வைத்தியர் நாடி பிடித்தார், கண்ணின் கீழ்இமையை இழுத்துப் பார்த்தார்.

"உடம்புல அழகு ஏறிப்போச்சு," என்றார்.

"எறக்க முடியுமா?"

"சூடு ஏறுனா எளநீ. அழகு ஏறுனா பொட்டல். பாக்கதுக்கு ஒண்ணுமே இல்லாத எடமா ஒண்ணு பாத்து, தெனம் ஒரு நாழிகை கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டு இருங்க. கண்ண மூடிக்கிட்டு இருந்தா கணக்கு இல்ல. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள். நடுவுல மூணு நாள் வரைக்கும் விட்டுப்போனா பாதகமில்ல. நாலாவது நாளும் விட்டா திரும்ப ஒண்ணுலேருந்து."

பிரசவத்துக்கும் ஏறத்தாழ நாற்பத்தெட்டு நாள்தான் இருந்தது. பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கும்போது கொட்டாவி வரக் கூடாது. அந்த ஒன்றுதான் நயினாருக்கு வேண்டியிருந்தது.

தென்காசியில் பார்க்க ஒன்றுமில்லாத இடம் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை, மலை இல்லாத பக்கம் வயல், இரண்டும் இல்லாவிட்டால் கோபுரம். ஆகவே அவர் கோள்களுக்குள் தேடினார். ஏழாம் வட்டத்தில் ஒரு கோள் கிடைத்தது. பழுப்பு நிறத் தரை. மேடில்லை, பள்ளமில்லை, புல்லில்லை, காற்றில்லை. மேலே ஒரு சின்ன நிலா மட்டும் ஒதுங்கி நின்றது, அதுவும் பார்க்கும்படி இல்லை. நயினார் செருப்போடு அதில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். கண்ணைத் திறந்து வைத்திருந்தார். இருபத்துநாலு நிமிஷம் ஒன்றுமே நடக்கவில்லை. பதினோரு வருஷத்தில் முதல்முறையாகத் தாடை வலி குறைந்தது.

அதற்குப் பொட்டல் என்று பெயர் வைத்தார். தினமும் மத்தியானம் தயிர்சாதம் முடிந்ததும் போய்விடுவார். படிவம் எழுதவில்லை. பரிந்துரை செய்யக்கூடிய இடமா அது? முப்பிடாதியிடம்கூடச் சொல்லவில்லை. அவள் கேட்டால், "கண் அசரப் போறேம்மா," என்பார்.

முப்பத்தோராம் நாள் திருநெல்வேலியிலிருந்து உதவி இயக்குநர் ஸ்டெல்லா பாக்கியத்தின் சுற்றறிக்கை வந்தது. கோள்கள் அதிகமாகிவிட்டன, மாதக் கடைசிக்குள் பரிந்துரை பெறாத கோள்கள் அனைத்தும் விளையாட்டிலிருந்து நீக்கப்படும் என்று இருந்தது. மாதக் கடைசிக்கு நாலு நாள் இருந்தது.

நயினார் சுற்றறிக்கையை இரண்டு தரம் படித்தார். பரிந்துரைக்காவிட்டால் பொட்டல் போய்விடும். பரிந்துரைத்தால் ஆட்கள் வந்துவிடுவார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்றால், அவருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. யோசித்துப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். பரிந்துரைக்கலாம், ஆனால் ஒருத்தனும் வராதபடி பரிந்துரைக்கலாம். அத்தனை வருஷ எழுத்து அனுபவத்தில் அது முடியாதா?

படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டார். நிறம்: பழுப்பு. போகும் வழி: சுற்று வழி. காணத்தக்கவை: ஒன்றுமில்லை. சூரியன் மறையும் நேரம்: மறைந்தால் தெரியாது. நிலா என்ற இடத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது. நிலா இருக்கிறது என்று எழுதினால் நாலு புதுமணத் தம்பதிகள் வந்து நிற்பார்கள். 'இல்லை' என்று எழுதினார்.

மிச்சமிருந்தது நாலாவது கேள்வி. அங்கே சொட்டுத் தண்ணீர் கிடையாது. இல்லையென்று எழுதினால் படிவம் திரும்பிவிடும். அருவி என்று எழுதினால் அருவி வந்துவிடும். அருவி வந்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆள் வரும், ஆள் வந்தால் மிளகாய் பஜ்ஜி வரும். நயினார் மண்பானையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு, 'உண்டு. ஒரு வாளி' என்று எழுதினார்.

எழுதியதும் அவருக்கு ஒரு திருப்தி. இந்தப் படிவத்தைப் படித்துவிட்டு ஒருவன் கிளம்பி வந்தால் அவன் மனிதனே இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

முப்பத்தாறாம் நாள் அனுமதி வந்தது. அன்று மத்தியானம் அவர் போனபோது பொட்டலின் நடுவில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி, நிறையத் தண்ணீரோடு இருந்தது. பக்கத்தில் ஒரு மக். மேலே நிலா இல்லை. வானமும் காலியாகிவிட்டதில் அவருக்குச் சந்தோஷம்தான். அந்த நிலா எங்கே போயிருக்கும் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு அவருக்குத் தன் தாடைதான் பெரிதாக இருந்தது.

முப்பத்தெட்டாம் நாள் செங்கோட்டைக்காரர் ஒருவர் தோளில் துண்டோடு வந்தார். வாளித் தண்ணீரில் குளித்தார், தலை துவட்டினார், சுற்றிலும் பார்த்தார். பார்க்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் அப்படியே தளர்ந்துபோனது. அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நாற்பதாம் நாள் இருபது பேர் வந்தார்கள். நாற்பத்தோராம் நாள் வரிசை நின்றது.

அழகு ஏறியது நயினாருக்கு மட்டுமில்லை, ஊருக்கே ஏறியிருந்தது. நாலாயிரத்து முந்நூறு பரிந்துரைகளையும் தட்டாமல் போய்ப் பார்த்த சனம்தானே? எல்லோரும் களைத்திருந்தார்கள். ஏற்றிவிட்டவர் அவர்தான் என்பதால் யாரையும் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

அவர் வரிசையை விட்டு விலகி, கோளின் மறுபக்கம் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பின்னாலேயே நூறு பேர் வந்துவிட்டார்கள். பரிந்துரை அலுவலரே அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றால் அதுதானே நல்ல இடமாக இருக்க வேண்டும்? அவரைச் சுற்றி இரும்புக் கம்பி போட்டு, அதற்கு 'காட்சி முனை' என்று பெயர் எழுதிவிட்டார்கள். கம்பியோரம் காகிதப்பூச் செடிகளும் வைத்தார்கள். செடிகள் மறுநாளே பூத்தன. அவ்வளவுதான், பூவைப் பார்த்த நயினாருக்குத் தாடை பிளந்துகொண்டு கொட்டாவி வந்தது. அன்றைய நாள் கணக்கில் சேரவில்லை. அது நாற்பத்திரண்டாம் நாளாக இருந்திருக்க வேண்டும்.

பரிந்துரையைத் திரும்பப் பெற வேண்டுமானால், போய்வந்தவர் யாராவது புகார் எழுதித் தர வேண்டும். அலுவலர் தானே தர முடியாது. அவர் முப்பிடாதியைக் கேட்டார்.

"நான் எப்படி சார் எழுத முடியும்? ஞாயித்துக்கெழம நானும் வீட்டுக்காரரும் போய்ட்டு வந்தோம். கல்யாணம் ஆனதுலேருந்து இப்பத்தான் சார் அவரு எங்கிட்ட சண்ட போடாம ஒரு மணி நேரம் உக்காந்திருக்காரு. சண்ட போடுததுக்கு அங்க ஒண்ணுமே இல்ல."

அவர் வரிசைக்கே போனார். கடையநல்லூர்க்காரர் ஒருவர் சோப்பு டப்பாவோடு நின்றிருந்தார்.

"ஏதும் குறை உண்டா அண்ணாச்சி?"

"என்ன குறை? பாக்கதுக்கு ஒரு எழவும் இல்ல. மனசு எம்புட்டு லேசா இருக்கு தெரியுமா?"

"வாளி ஒண்ணுதான கெடக்கு?"

"ஒண்ணு இருந்தாத்தான வரிசை. வரிசை இருந்தாத்தான சீசன்."

நயினார் தலையாட்டிவிட்டுத் திரும்பினார். அவரும் தென்காசிக்காரர்தான்.

இரண்டாவது நாளும் விட்டுப்போன அன்று உலகம்மாளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்திருந்தது. அப்படிப் பிறந்த பிள்ளையைத் தாய்மாமன் நேராகப் பார்க்கக் கூடாது, முதலில் எண்ணெயில் விழும் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். அந்தச் சடங்கு முடிந்தால்தான் வீட்டுக்கு நிம்மதி. உலகம்மாளுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. மாமனுக்கு எங்கே போவது என்று கோமு தவித்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தபோது நயினார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"தாத்தாவும் எண்ணெயிலதான் பாக்கணுமா?" என்று நர்ஸ் கேட்டார்.

"எங்க பக்கத்துல அப்படித்தான்," என்று கோமு சமாளித்தாள். குரல் இறங்கியிருந்தது.

மறுநாள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். உலகம்மாள் படுத்திருந்த அறைக்குள் அவர் சுவரைப் பார்த்தபடி நுழைந்து, சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"அப்பா, பாருங்கப்பா."

"ஏழு நாள் பாக்கி இருக்கும்மா."

"கொட்டாவி விட்டா விட்டுட்டுப் போங்க. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல."

"எனக்கு இருக்கும்மா," என்றார். கைகளை மட்டும் பின்னால் நீட்டினார். உலகம்மாள் குழந்தையின் காலை எடுத்து அவர் விரலில் வைத்தாள். அது உதைத்தது. அவர் சுவரில் இருந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது நாளும் அப்படியே போயிற்று. இன்னும் ஒருநாள் விட்டால் திரும்ப ஒன்றிலிருந்து. அதற்குள் பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிடும். நாலாவது நாள் காலை அலுவலகத்துக்குப் போய், வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேனே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பதினொன்றரை மணி இருக்கும். மாடிப்படியில் யாரோ நின்று நின்று ஏறிவரும் சத்தம் கேட்டது.

பொட்டல் வந்திருந்தது.

படியெல்லாம் பழுப்புத் தூசி. பார்வையாளர் பெஞ்சில் பாதியும் தரையில் மீதியுமாக உட்கார்ந்தது. முப்பிடாதி பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தது.

"சொல்லுங்க," என்றார் நயினார்.

"முடியல அண்ணாச்சி. காலைல அஞ்சு மணிக்கே சோப்பு டப்பாவோட வந்துருதாங்க. நாலு நாள் எங்கயாது போயி இருக்கலாம்னு பாக்கேன். நல்ல எடமா ஒண்ணு சொல்லுங்க."

"எப்படிப்பட்ட எடம்?"

"பாக்கதுக்கு ஒண்ணும் இல்லாத எடம்."

நயினார் படிவத்தை எடுத்தார். அலுவலகத்துக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை.

"குளிக்கத் தண்ணி வேணுமா?"

"ஒரு வாளி போதும். இருந்த வாளிய அங்கேயே வச்சுட்டு வந்துட்டேன். எடுத்துட்டு வந்தா வரிசை கலைஞ்சிரும்லா?"

"கூட யாரும் வருதாங்களா?"

பொட்டல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. "ஒரு ஆள் கூடவே இருந்துச்சு. சின்னது. ஒம்பது நாளா காணல. எங்க போச்சுன்னு தெரியல."

நயினாரின் பேனா நின்றது. தப்பு செய்தவன் முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்பார்கள், அதனால் முகத்தைப் படிவத்துக்குள் கவிழ்த்துக்கொண்டார். 'ஆட்கள்: ஒருவர்' என்று எழுதினார். இடம் என்ற இடத்தில் தன் வீட்டு விலாசத்தை எழுதி, 'மொட்டை மாடி' என்று சேர்த்தார்.

இருவரும் பேருந்தில் போனார்கள். கோமு வாசலில் நிறுத்தி, "இது எந்த ஊரு மண்ணுங்க?" என்றாள். "ஊரே வந்திருக்கு," என்றார் அவர். அவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க," என்றாள்.

மொட்டை மாடியில் பொட்டல் தன்னை விரித்துக்கொண்டது. கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு மூலை மட்டும் பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவரில் தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "செவ்வாக்கெழம நாங்க துணி காயப்போடணும், அன்னைக்கு மட்டும் மடிச்சுக்கிடச் சொல்லுங்க," என்றார். வெயில் நன்றாக இருந்ததால் கோமு அதன்மேல் பழைய சேலையை விரித்து மோர்மிளகாய் காயவைத்தாள். மலையும் கோபுரமும் கண்ணில் படாதபடி பொட்டல் நாலு ஓரத்தையும் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டது. நடுவில் நயினார் சப்பணமிட்டு உட்கார்ந்து கண்ணைத் திறந்து வைத்தார். அது நாற்பத்திரண்டாம் நாள்.

முப்பிடாதி மறுநாள் சொன்னாள், ஏழாம் வட்டத்தில் இப்போது வாளி மட்டும் அந்தரத்தில் நிற்கிறதாம். வரிசை குறையவில்லை. முன்பைவிட இப்போது இன்னும் ஒன்றுமில்லாமல் இருக்கிறது, அருமை என்று சொல்லிக்கொண்டு கூட்டம் இரட்டிப்பாகிவிட்டதாம். ஸ்டெல்லா பாக்கியம் மேடம் பாராட்டுக் கடிதம் அனுப்பியிருந்தார்.

நாற்பத்தெட்டாம் நாள் காலையில் நயினார் இருபத்துநாலு நிமிஷத்தையும் முடித்து எழுந்தார். கோமு அதற்காகவே கீழே காத்திருந்தாள்.

"மாமன் மொறைக்கு ஆள் இல்லன்னு தவிச்சுக் கெடக்கோம். வந்தவங்க மாடியில சும்மாத்தான இருக்காங்க? கேட்டுப் பாருங்க."

நயினார் கேட்டார். பொட்டல் தூக்கியிருந்த ஓரங்களை இறக்கிக்கொண்டது.

"என் வாழ்க்கையில நான் எதையும் பாத்ததில்ல அண்ணாச்சி. என்னையத்தான் எல்லாரும் பாத்திருக்காங்க."

"எண்ணெயிலதான பாக்கப் போறீங்க. பழகிக்கிடலாம்."

வெண்கலக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி மாடிக்குக் கொண்டுபோனார்கள். உலகம்மாள் குழந்தையைச் சாய்த்துப் பிடித்தாள். பொட்டல் ஒரு ஓரத்தை மட்டும் தூக்கி, கிண்ணத்துக்குள் விழுந்த முகத்தைப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு, "பாக்கதுக்கு ஒண்ணு இருக்கு," என்றது. கோமு அதற்குச் சந்தனம் பூசினாள். தாய்மாமன் சீராக அது குழந்தையின் நெற்றியில் கொஞ்சம் பழுப்பு மண்ணை வைத்தது.

மாமன் பார்த்தாயிற்று, இனி தாத்தா பார்க்கலாம். நயினார் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு திரும்பினார். தாடையைக் கையால் பிடித்துக்கொண்டார். பார்த்தார்.

குழந்தைக்கு அவருடைய மூக்கு. உதட்டோரத்தில் பால் காய்ந்திருந்தது. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று. தாடை அசையவில்லை. அவர் கையை எடுத்துவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, அது கொட்டாவியால் வந்ததில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. "போதும்ப்பா, கழுத்து வலிக்கப் போகுது," என்றாள் உலகம்மாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். குழந்தை தாத்தாவை உற்றுப் பார்த்தது. பிறகு வாய் முழுக்கத் திறந்து ஒரு பெரிய கொட்டாவி விட்டது.

அப்போது கீழே வாசல் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. நயினார்தான் போய்த் திறந்தார். இடுப்பு உயரத்தில் ஒரு நிலா நின்றுகொண்டிருந்தது. உடம்பெல்லாம் வழித்தூசி, ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. கையில் படிவத்தின் ஜெராக்ஸ் நகல் ஒன்றை மடித்து வைத்திருந்தது. 'நிலா: இல்லை' என்ற இடத்தில் விரலை வைத்து அவரிடம் காட்டியது. அவருடைய கையெழுத்துதான்.

கோமு பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பிள்ளய வாசல்லயே நிப்பாட்டி வச்சா எப்படி? குளிக்கத் தண்ணி வைங்க," என்றாள்.

அவர் கொல்லைக்குப் போய் பொட்டலுக்குக் கொடுத்தது போக மிச்சமிருந்த இரண்டாவது வாளியை எடுத்துக் குழாயடியில் வைத்துத் திறந்துவிட்டார்.